கேளுங்கள், சொல்கிறேன்: பிரதமரின் மாமன் மகன்

கேள்வி: எங்கள் அக்கரப்பத்தனையில் டொரிங்டன் என்று ஒரு தோட்டம் இருக்கிறது, ஐயா. ஏ.எல். படிக்கும் என் மகள், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1848 கலகப் பாடத்தில் வரும் டொரிங்டன் பிரபு எப்படிப்பட்ட ஆள் என்று கேட்கிறாள். புத்தகத்தில் அவர் போட்ட வரிகளைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது.
— ஒரு தாய், அக்கரப்பத்தனை

பதில்: நல்ல கேள்வி, அம்மா. அவருடைய பெயர் ஜோர்ஜ் பிங், 7ஆவது டொரிங்டன் பிரபு. 1812இல் பிறந்தவர். 1831இல் தகப்பனிடமிருந்து பட்டம் வந்தது. பிரபுக்கள் சபை உரிமையும் அதோடு வந்ததால் வாக்குக் கேட்டு ஒரு வீட்டு வாசலும் மிதிக்கவில்லை. பிரித்தானியாவின் விக் (Whig) என்ற அரசியல் கட்சிக்காரர். விக்டோரியா அரியணை ஏறியதும் அரண்மனைப் பரிவாரத்தில் ஒரு பதவி. 1847இல், 34 வயதில், இலங்கைக்குத் தேசாதிபதி, அதாவது ஆங்கிலேய ஆளுநர்! அதற்கு முன் எந்தக் குடியேற்ற நாட்டையும் ஆண்டவரில்லை.

எப்படி என்று மகள் கேட்பாள். அன்றைய பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசல் பிரபு. அவருடைய தாயாரும் டொரிங்டனுடைய தகப்பனும் அண்ணன் தம்பி பிள்ளைகள். நம் முறைப்படி பிரதமருக்கு இவர் மாமன் மகன். வேலை எடுக்கச் செல்வாக்குள்ள ஆளைப் பிடிப்பதை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவர் வந்த நேரம் கோப்பி விலை விழுந்து கிடந்தது, திறைசேரியும் அப்படித்தான். கோப்பி ஏற்றுமதித் தீர்வையை எடுத்துவிட்டு, குறைந்த காசைக் கிராமத்தவனிடம் தேடினார்கள். துவக்குக்கு 2 சிலிங் 6 பென்ஸ், நாய்க்கு 1 சிலிங், கடைக்கு 1 பவுண். நான் படிப்பித்த காலத்தில் நாய் வரி என்றதும் வகுப்பே சிரிக்கும். காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரைக் காட்டுப் பன்றியிடமிருந்து காப்பது அந்தத் துவக்கும் நாயும்தான் என்று சொன்ன பிறகு அடங்கும். இதற்கு மேல் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும். முடியாதவன் 3 சிலிங் கட்ட வேண்டும். முதலில் பிக்குமாரையும் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: கலகத்தை அடக்கியதில் அவர் செய்தது சரியா?
— வாசகர், உக்குவளை

பதில்: இல்லை. 1848 யூலை 26இல் தம்புள்ளையில் கலகத் தலைவர் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூடினார். 29இல் கண்டியில் இராணுவச் சட்டம். படைத் தரப்பில் காயப்பட்டது ஒரே ஒரு சிப்பாய். கலகம் சில நாளில் அடங்கியது. ஆனால் இராணுவச் சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றம் 18 பேரைச் சுட்டுக் கொன்றது. இன்னொரு கலகத் தலைவரான புரன் அப்புவைச் சுட்டது ஓகஸ்ட் 8இல். குடாபொல தேரர் என்ற பிக்குவைக் காவியுடையிலேயே சுட்டார்கள். அரசின் தலைமை வழக்கறிஞர் செல்பி தேரருக்காக நேரில் போய்க் கேட்டும் பிரபு இரங்கவில்லை.

எனக்குப் பொறுக்காத விசயம் வேறு. டொரிங்டனுடைய கொள்ளுத் தாத்தாவின் தம்பி அட்மிரல் ஜோன் பிங். மினோர்க்கா தீவைக் காக்கத் தவறினார் என்று அவரையும் இராணுவ நீதிமன்றம்தான் விசாரித்தது. கருணை காட்டும்படி நீதிபதிகளே கேட்டார்கள், மன்னர் கேட்கவில்லை. 1757 மார்ச் 14இல் போர்ட்ஸ்மத் துறையில், கப்பல் தளத்தில் சுட்டார்கள். அது அநியாயச் சாவு என்று கல்லறையிலேயே எழுதி வைத்த குடும்பம் அது. அந்த வீட்டுப் பிள்ளைதான் செல்பியைத் திருப்பி அனுப்பினார்.

கேள்வி: அவருக்குத் தண்டனை கிடைத்ததா?
— மாணவன், மாத்தளை

பதில்: ஹென்றி பெய்லி என்ற எம்.பி. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விடவில்லை, விசாரணைக் குழு அமைந்தது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்த வருடம் கண்டனப் பிரேரணை வந்து தோற்றது. பிறகு மீண்டும் அரண்மனைப் பதவி. 1884இல் இறக்கும்வரை மகாராணியின் பரிவாரத்தில் இருந்தார். கொங்காலேகொட பண்டாவுக்குச் சவுக்கடியும் மலாக்காவுக்கு நாடு கடத்தலும்.

கேள்வி: அந்த வரிகள் பிறகு என்ன ஆகின?
— கடைக்காரர், ஹட்டன்

பதில்: உங்கள் கடை வரியும் நாய், துவக்கு வரிகளும் கைவிடப்பட்டன. வீதி வேலைச் சட்டத்தை மட்டும் பிக்குமாருக்கு விலக்குக் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். துரைமாரின் கோப்பி கொழும்புக்கு இறங்க வேண்டுமே!