படத்தில தெரியிற உது என்ன? வான்படக் கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கேள்வியள் முழுக்கப் படங்களைப் பற்றினதுதான், அதால சேத்தே எழுதிறன்.

சுன்னாகம்: அண்ணை, 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தை (சூரியன் வளையமாத் தெரியிற கிரகணம்) போனில எடுத்தனான். சூரியன் வெறும் வெள்ளைக் கட்டியா கிடக்கு, ஆனா எதிர்ப்பக்கம் பச்சையா ஒரு குட்டி வளையம். என்ன அது?

அந்தப் படத்தைத் தயவுசெய்து அழிச்சுப் போடாதேங்கோ, கிரகணம் உண்மையில பதிஞ்சிருக்கிறது அந்தப் பச்சை வளையத்திலதான். போன் கமராவுக்குள்ள கன லென்ஸ் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா இருக்கு, சூரிய வெளிச்சத்தில ஒரு துளி அதுகளுக்குள்ள பட்டுத் திரும்பி வேற இடத்தில விழும், நேரா வந்த வெளிச்சம் சென்சரை (கமராவுக்குள்ள வெளிச்சத்தைப் பதியிற தகடு) நிரப்பி வெள்ளையாக்கிப் போட்டுது ஆனா திரும்பி வந்தது மங்கல் எண்டபடியா வளையம் அப்பிடியே நிக்குது. சூரியனில இருந்து படத்தின்ர நடுப்புள்ளியால ஒரு கோடு இழுத்துப் பாருங்கோ, கிட்டத்தட்ட அதே தூரத்தில மற்றப் பக்கம் அந்த வளையம் இருக்கும். படத்தை வெட்டிப்போட்டுப் பாத்தா நடு மாறிடும், ஒரிஜினலில பாருங்கோ. நிலாவுக்குப் பக்கத்தில "பறக்கும் தட்டு" எண்டு கனபேர் அனுப்பின பச்சைப் புள்ளியும் உதுதான், போனை அசைச்சா அதுவும் ஓடும்.

நல்லூர்: விண்வெளி டெலஸ்கோப்புகளில ஹபிள் எடுத்த படத்தில நட்சத்திரத்துக்கு 4 முனை, ஜேம்ஸ் வெப்பில 8. எது சரி?

ரெண்டும் நட்சத்திரத்தின்ர வடிவமில்லை. ஹபிளில ரெண்டாவது கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற 4 கம்பியில வெளிச்சம் வளைஞ்சு வாறதுதான் அந்த நாலும். வெப்பின்ர கண்ணாடி 18 அறுகோணத் துண்டு, அந்த விளிம்புகளால 6 பெரிய முனை, தாங்குற கம்பிகளால படுக்கையா 2 சின்னது. முனையைப் பாத்தே எந்த டெலஸ்கோப் எண்டு சொல்லலாம்.

பருத்தித்துறை: பறுவத்தண்டு நிலா எழும்பேக்க ஒரு படம், விடியப்புறம் விழேக்க ஒரு படம் எடுத்தன். முயல் தலைகீழா நிக்குதே, போன் திருப்பிப் போட்டுதோ?

இல்லை தம்பி, திரும்பினது நீங்கள். கிழக்கைப் பாத்து நிக்கேக்க வடக்கு உங்கட இடப்பக்கம், மேற்கைப் பாத்தா வலப்பக்கம். நாங்கள் இருக்கிறது பூமத்திய ரேகைக்குக் கிட்ட, வடக்கு 10 பாகைக்கும் கொஞ்சம் குறைய, நிலா கிட்டத்தட்ட உச்சியால போறதால அந்த வித்தியாசம் முழுசாத் தெரியும். லண்டனில இருக்கிற சொந்தக்காரருக்கு இவ்வளவு திரும்பாது. விளிம்புக்குக் கிட்டத் தனியா ஒரு நீள்வட்டக் கறுப்புத் திட்டு இருக்கெல்லே, கிரிசியம் எண்டு பேர், உங்கட முதல் படத்தில அது மேல நிக்கும், ரெண்டாவதில கீழ. ஒருக்கா எடுத்துப் பாருங்கோ, நல்ல வடிவாத் தெரியும்.

மானிப்பாய்: செவ்வாயில முகம், கதவு எல்லாம் கண்டுபிடிச்சிட்டாங்களாம், உண்மையோ?

முகம் 1976 ஜூலை 25 வைக்கிங் 1 விண்கலம் எடுத்த படம், சைடோனியா எண்ட இடம். சூரியன் பதிஞ்சு நிண்டதால குன்றின்ர ஒரு பாதி நிழல், மற்றது அந்தப் படம் முழுக்கக் கறுப்புப் புள்ளியள் கிடக்கு, பூமிக்கு அனுப்பேக்க தரவு தொலைஞ்ச இடங்கள், அதில ஒண்டு சரியா மூக்குத் துவாரத்தில வந்து விழுந்திட்டுது. 1998லயும் 2001லயும் மார்ஸ் குளோபல் சேவேயர் எண்ட விண்கலம் கிட்டவா எடுக்க வெறும் குன்று. கதவு 2022 மே மாதம் செவ்வாயில ஓடித்திரியிற கியூரியோசிற்றி வண்டி எடுத்தது, அதின்ர உயரம் வெறும் 30 சென்ரிமீற்றர் அளவு, பாறை வெடிச்ச கோடுகள் சந்திச்ச மூலை. அளவுகோல் இல்லாமல் வாற படத்தை நம்பாதேங்கோ, பரப்பிறவையும் அதைத்தான் வெட்டிப்போட்டு அனுப்புவினம்.

சாவகச்சேரி: அப்ப குதிரைத்தலை நெபுலாவும் (விண்வெளியில இருக்கிற தூசு, வாயு மேகம்) பொய்தானோ சேர்?

அது மெய்யான தூசு. பின்னால ஒளிருற ஹைட்ரஜனை மறைச்சுக்கொண்டு நிக்குது, 1888ல வில்லியமினா பிளெமிங் போட்டோத் தட்டில கண்டுபிடிச்சவ. குதிரை மாதிரித் தெரியிறது மட்டும் நாங்கள் நிக்கிற பக்கத்தால.

கொக்குவில்: இரவுப் படத்தில ஒரு கோடு, எரிநட்சத்திரமோ?

விட்டு விட்டுப் புள்ளியா இருந்தா பிளேன். ஒரே மாதிரி நீண்டு அடுத்த படத்திலயும் தொடர்ந்தா சற்றலைட். ஒரே ஒரு படத்தில மட்டும், ரெண்டு முனையும் கூர்மையா நடுவில தடிச்சு இருந்தா பெரும்பாலும் நீங்கள் சொல்லுறதுதான், அதால தொடர்ந்து எடுத்த படங்கள் எல்லாத்தையும் வச்சிருங்கோ.