ஸ்ரேசனடியில் வீடு: கேட்டவர்களுக்குப் பதில்

ரயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் பல குடும்பங்கள் சேர்ந்திருக்கிற மாடி வீடுகள் கட்டுவது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

மாங்குளத்தில் கடை வைத்திருப்பவர்: வசதியான குடும்பமும் கூலிக்குப் போகிற குடும்பமும் ஸ்ரேசனடியில் ஒரே கட்டடத்தில் இருப்பது நடக்கிற காரியமா, அண்ணை?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லாண்ட் நகரில் ஃபுரூட்வேல் என்றொரு இடம். 1991-இல் அங்கே ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் மாடி வாகனத் தரிப்பிடம் கட்டத் திட்டம் போட்டார்கள். கடைத்தெருவை அது மறைத்துவிடும் என்று சனம் எதிர்த்தது. யூனிட்டி கவுன்சில் என்ற ஊர் அமைப்பு மாற்றுத் திட்டத்தைக் கையில் எடுத்தது. 2004-இல் கடைகள், மருத்துவ நிலையம், நூலகம், 47 வீடுகள் எல்லாம் திறந்தன. ஆனால் அந்த 47-இல் 10 மட்டுமே குறைந்த வாடகைக்கு. எளிய குடும்பங்களுக்கென்றே இன்னும் 94 வீடுகள் வர 2019 ஆகிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்: எத்தனை வீடு யாருக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

கிளிநொச்சி ஆசிரியை: படம் கீறுவது எஞ்சினியரின் வேலை. சனத்திடம் என்ன கேட்பது?

ரீச்சர், எங்கள் சனத்துக்கு வீடு கட்டத் தெரியும். போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபாயைக் கட்டம் கட்டமாக வாங்கி, தாங்களே மேசனைப் பிடித்து, கல்லும் சீமெந்தும் ஏற்றிக் கட்டியவர்கள். அது அவரவர் வளவில். இப்போது பலர் ஒரே காணியில் சேர்ந்து இருக்கப்போகிறார்கள், அதனால் பேச்சு கூடுதலாக வேண்டும்.

கடதாசிப் படத்தைக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் விளையாட்டு மைதானத்தில் கயிறு பிடித்து, சுண்ணாம்பால் முழு அளவில் ஒரு வீட்டைக் கீறுவேன். ஒருமுறை ஒரு அம்மா குசினிக் கோட்டுக்குள் போய்க் குந்தியிருந்து பார்த்தார். "விறகடுப்பு வைத்தால் புகை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கல்லோ போகும்?" என்றார். அந்த இடத்திலேயே கோட்டை அழித்து, குசினியை வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றினோம். மூன்று கூட்டத்தில் வராத விசயம் அது!

வவுனியாவிலிருந்து: பெர்மிட் காணியில் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில்) மாடி வீடு கட்டிப் பிரித்துக் கொடுக்கலாமா?

நினைத்தபடி முடியாது. 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை அனுமதியில்லாமல் விற்கவோ துண்டு போடவோ இயலாது. மாடி வீட்டுக்குத் தனித்தனி உறுதிப் பத்திரம் வேண்டுமென்றால் 1973-ஆம் ஆண்டுத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி பதிய வேண்டும். முதலில் பிரதேச செயலகம், பிறகுதான் படம்.

கிளிநொச்சியிலிருந்து: என் மகனுக்கு ஒரு கால் இல்லை. எங்களுக்கு எந்த மாடி கிடைக்கும்?

கீழ்த்தளம், ஐயா. எந்த வீடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்குமுன்பே அந்த வீடுகளை ஒதுக்க வேண்டும். றோட்டுப் பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று வைக்கலாம். சாய்தளம் ஓரடி உயர பன்னிரண்டடி நீளம் வேண்டும். அதற்குக் குறைத்தால் சக்கர நாற்காலியை ஒருவர் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். ஸ்ரேசன் மேடை வரைக்கும் பாதை அப்படியே போகட்டும்.

மாங்குளத்திலிருந்து ஒரு தங்கச்சி: நாளுக்குச் சில ரயில்தானே, அதை நம்பி வீடு கட்டலாமா?

ரயிலை மட்டும் நம்பினால் கூடாது. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்ததே 2013-இல்தான். ஆனால் மாங்குளத்தில் ஏ9 பெருவீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கின்றன. பஸ் தரிப்பு நடந்து போகிற தூரத்தில் இல்லாவிட்டால் அந்தக் காணியை எடுக்காதீர்கள்.

அதே தங்கச்சி: வாடகை கட்ட முடியாமல் போனால்?

கீழ்க்கடைகளின் வாடகையில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்குங்கள். வேலையில்லாத மாதத்தில் ஒரு குடும்பம் அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் குடிபுகுமுன்பே பேசி முடித்து, அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கிற சுவரில் மாதாமாதம் ஒட்டுங்கள்.