ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்: பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள்!

கேள்வி: என் தம்பிக்கு வயது 21. சிறுவயதில் காலில் தொடங்கிய டிஸ்டோனியா (தசைகள் தாமாகவே முறுக்கி இழுக்கும் நோய்) முதுகு வரை பரவிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் மூளைக்குள் மின்கம்பி வைத்து, நெஞ்சில் பேட்டரி பொருத்தினார்கள். கழுத்து வெட்டி இழுப்பது குறைந்திருக்கிறது. முதுகு வளைவு அப்படியேதான் இருக்கிறது. எங்களை அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஏஜென்ட், ‘பேட்டரி பவர் பத்தவில்லை. சார்ஜ் போடும் ரகத்துக்கு மாற்றுங்கள், இந்த மாதமே என்றால் விலை குறைத்துத் தருகிறேன்’ என்கிறார். மாற்றலாமா? (வாசகர், தேனி)

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பார்கின்சன் நோயாளியின் நடுக்கம், இதே கருவியை ஆன் செய்த சில நிமிடங்களிலேயே அடங்குவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். டிஸ்டோனியா அப்படி அல்ல. வெட்டி வெட்டி இழுக்கும் அசைவுகள் முதலில் குறையும். முறுக்கிக்கொண்டு நிற்கும் முதுகு, கால் நிமிர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. தம்பிக்குக் கழுத்து குறைந்திருப்பது நல்ல அறிகுறி. இரண்டு மாதத்தில் ‘ஃபெயிலியர்’ என்று யாரும் முத்திரை குத்த முடியாது.

சார்ஜ் போடும் பேட்டரி அதிக வருடம் உழைக்கும், அவ்வளவுதான். மூளைக்கு அது கொடுப்பதும் அதே மின்சாரம்தான். அளவு போதவில்லை என்றால் டாக்டர் வெளியிலிருந்தே கூட்டலாம். அதற்குக் கத்தி வேண்டாம். இந்த ஏஜென்ட்டுகளுக்குக் கம்பி, பேட்டரி எல்லாமே கமிஷன். ‘இந்த மாதமே’ என்று மூளை ஆபரேஷனுக்கு ஆடித் தள்ளுபடி போடுகிறவரிடம் பேசவே பேசாதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது புரோகிராமிங். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் பல மின்முனைகள் உண்டு. எந்த முனையில் எவ்வளவு மின்சாரம் என்று மாற்றிப் பார்த்து, சில வாரம் பொறுத்துத்தான் பலனைக் கணிக்க முடியும். நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆபரேஷனுக்கு அத்தனை பேர் வருவார்கள். புரோகிராமிங்குக்கு டாக்டர் கையில் நேரமில்லை, கருவி கம்பெனி ஆள் டேப்லெட் கம்ப்யூட்டரோடு வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவார். விடாதீர்கள். நரம்பியல் டாக்டர் முன்னால், பேட்டரி சார்ஜ் அளவு, கம்பி இணைப்பு, எந்த முனை வேலை செய்கிறது என்ற மூன்றையும் பார்க்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். கம்பி இடம் மாறியிருக்குமோ என்ற சந்தேகம் சி.டி. ஸ்கேனில் தீர்ந்துவிடும்.

ஆனால், இந்தச் சூழலில் காத்திருக்கக் கூடாது. குறைந்திருந்த இழுப்பு ஓரிரு நாளில் திடீரென்று பழையபடி, அல்லது அதைவிட மோசமாகத் திரும்பினால் கருவி அணைந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். இரவானாலும் கிளம்புங்கள். ‘காலையில் ஓ.பி.யில் காட்டலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். விடாமல் இழுக்கும்போது காய்ச்சல் ஏறும், மூச்சு திணறும், தசை சிதைந்து சிறுநீரகம் கெடும், உயிருக்கே ஆபத்து. கருவியின் அடையாள அட்டை எப்போதும் தம்பி பையில் இருக்கட்டும். டியூட்டி டாக்டருக்கு இந்தக் கருவியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம், முதுகு நிமிர பிசியோதெரபி போனால், டயதெர்மி என்ற சூட்டு சிகிச்சை மட்டும் கூடவே கூடாது. அந்தச் சூடு கம்பி வழியாக மூளைக்கே போய்ச் சேரும். உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள்.