தோடர் பூவேலை: கற்கலாம், கற்றுத்தரலாம், விற்கலாமா?

ஈரோட்டில் வீட்டிலேயே எம்ப்ராய்டரி வகுப்பு நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஊட்டியில் தோடர் சால்வை ஒன்று வாங்கினேன். அதைப் பார்த்துப் போட்டால் கோடு கோணுகிறது, துணியும் சுருங்குகிறது. ஒழுங்காகக் கற்று, என்னிடம் வரும் பெண்களுக்கும் சொல்லித்தர ஆசை. அவர்கள் செய்ததை விற்கலாமா?"

முதலில் எம்ப்ராய்டரி வளையத்தைக் கழற்றி வையுங்கள். ட்ரேஸ் தாளும் பென்சிலும் வேண்டாம். நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியே போடுகிறார்கள். நம் கைக்குப் பழகிய சங்கிலித் தையலும் காம்புத் தையலும் வரைந்த கோட்டின் மேல் போகிறவை. இது துணியின் ஊடும் பாவும் காட்டும் வழியில் போகிறது. தைத்ததா நெய்ததா என்று பார்ப்பவர்கள் குழம்புவது இதனால்தான்.

அதனால் துணிதான் பாதி வேலை. உங்கள் சால்வையைப் பாருங்கள்: இழைகள் கண்ணுக்குத் தெரியும் முரட்டுப் பருத்தி. இழை நெருங்கிய வாயில் (voile), பாப்ளின் துணிகளில் இதைப் பழக முடியாது. பள்ளித் தையல் வகுப்பில் நாமெல்லாம் பழகிய மேட்டி துணியில் ஆரம்பியுங்கள். கை வந்தபின் கைத்தறிக் கடையில் கனமான வெள்ளைத் துணி வாங்கலாம். வாங்குமுன் ஓர் அங்குலத்தைக் குண்டூசியால் குறித்து, நெடுக்கிலும் குறுக்கிலும் இழைகளை எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக இல்லாவிட்டால் நீங்கள் போடும் சதுரம் செவ்வகமாகிவிடும். ஊசி, முனை மழுங்கியதாகவும் கண் பெரியதாகவும் இருக்கட்டும்; கூர் ஊசி இழையைப் பிளந்துவிடும். நூல் சிவப்பும் கறுப்பும்.

முதல் வரிசைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், தப்பில்லை. அதை மட்டும்தான் துணியைப் பார்த்து எண்ணுகிறோம். இரண்டாவது வரிசை முதல் வரிசையைப் பார்த்துப் போவது, மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து. முதலில் ஓர் இழை தவறினால் கடைசிவரை அந்தத் தவறு கூடவே வரும். பிரிக்க மனசு வராமல் "அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம்" என்று மேலே போகிற மாணவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உடனே பிரிப்பவர்கள்தான் சீக்கிரம் கற்கிறார்கள்.

துணி சுருங்குவது இழுத்துப் பிடிப்பதால். வரிசை முடிந்து திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சிறு கண்ணியாக விடுங்கள். உங்கள் சால்வையைப் புரட்டினால் அந்தக் கண்ணிகள் தெரியும். நாம் 'உள்பக்கம்' என்று மறைக்கப் பார்க்கும் அந்தச் சொரசொரப்பான பக்கத்தைத்தான் தோடர்கள் மேல்பக்கமாகக் கொள்கிறார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான்.

வகுப்பில் கட்டம் போட்ட தாளைக் கொடுத்துவிடாதீர்கள். தாளைப் பார்த்துப் போடுகிற கண் துணியைப் பார்ப்பதை விட்டுவிடும். முதலில் வெறும் பட்டை, பிறகு வரிசைக்கு ஓர் இழை தள்ளித் தள்ளி முக்கோணம். இவ்வளவும் தாளில்லாமல் வந்தால்தான் அடுத்தது.

விற்பனை பற்றி. தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தப் பெயரைப் போட்டு விற்கும் உரிமை, அந்தப் பகுதியில் அதைச் செய்து, பயன்படுத்துநராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கே உண்டு. சட்டம் காப்பது பெயரை. ஊசி பிடிக்கும் முறையைக் கற்பதற்கோ கற்றுத்தருவதற்கோ தடையில்லை. ஆனால் ஈரோட்டில் போட்ட துணிக்கு 'தோடா எம்ப்ராய்டரி' என்று சீட்டு ஒட்டி விற்கக் கூடாது. 'தோடா ஸ்டைல்' என்று சுற்றி வளைப்பதும், வாங்குபவரைத் தவறாக நம்பவைத்தால், அதே சட்டத்தில் மாட்டலாம்.

சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன். ஏறத்தாழ 2,000 பேரே உள்ள சமூகம் அது. இந்த வேலைப்பாடுள்ள பூத்துக்குளி என்ற சால்வையை விழாவிலும் போர்த்துகிறார்கள், இறந்தவரின் உடலிலும் போர்த்துகிறார்கள். மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் இருக்கும் பெண்களுக்கு இது வருமானமும்கூட. உங்கள் மாணவிகள் பழகியதைத் தங்கள் வீட்டுக்கு மேசை விரிப்பாக, தலையணை உறையாகப் போட்டுக்கொள்ளட்டும். விற்பதற்கு இழை எண்ணும் இதே பழக்கத்தை வைத்துச் சொந்தமாகக் கோலம் அமைக்கட்டும். புள்ளிக் கோலம் போடத் தெரிந்த கைக்கு அது கடினமில்லை.

உங்களுக்கும் படத்தைப் பார்த்துக் கற்பது போதாது. நீலகிரிக்குப் போய், இந்த வேலை தெரிந்த ஒரு தோடர் பெண்மணியிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர் நாள் கூலியை விலை பேசாமல் கொடுங்கள். முடிந்தால் வருடத்துக்கு ஒருமுறை அவரையே உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். போகும்போது நீங்கள் கோணலாகப் போட்ட துணியையும் எடுத்துப் போங்கள். எந்த வரிசையில் தவறியது என்று அவர் விரலை வைத்துக் காட்டிவிடுவார்.