அம்மாவின் மேல் பல் செட் இரண்டாக உடைந்துவிட்டது. பெவிகுவிக் போட்டு ஒட்டலாமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் தாயாருக்கு வயது 74. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய மேல்தாடைப் பல் செட் நடுவில் இரண்டாக உடைந்துவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் பல் மருத்துவர் வெளியூர் போயிருக்கிறார். அவர் வரும்வரை பெவிகுவிக் போட்டு ஒட்டி மாட்டிக்கொள்ளலாமா? சென்னையில் வேறு எங்கே போய்ச் சரிசெய்வது?

பதில்: ஒட்ட வேண்டாம். இரண்டு துண்டுகளையும் இப்போது இருக்கிறபடியே மூடி போட்ட ஒரு சிறு டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவுக்குச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். டிஷ்யூ காகிதத்தில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள். யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள், அப்படிப் போன செட்டுகள் ஏராளம்.

நான் ராயப்பேட்டையில் உள்ள ஒரு பல் லேபில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். மருத்துவர் அல்லன், மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அளவை வைத்துப் பல் செட் செய்வதும், உடைந்து வருபவற்றைச் சேர்த்துக் கொடுப்பதும் என் தொழில். ஆகவே செட்டைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். வாயைப் பற்றியதை மருத்துவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைப் பாருங்கள். இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முழுச் செட்டும் இருக்கிறதா, அல்லது ஒரு பல்லோ சிறு சில்லோ குறைகிறதா? சாப்பிடும்போது உடைந்ததாகச் சொல்வதால் இதைக் கேட்கிறேன். ஏதாவது குறைந்து, அம்மாவுக்கு விடாத இருமல், மூச்சுத் திணறல், விழுங்கும்போது வலி, தொண்டையில் ஏதோ குத்துவதுபோன்ற உணர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பல் மருத்துவரைத் தேடாமல் 108ஐ அழைத்து, அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். அங்கே “விழுங்கியது அக்ரிலிக் துண்டாக இருக்கலாம்” என்று மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. படத்தில் ஒன்றுமில்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

இனிப் பசைக்கு வருகிறேன். உங்கள் அம்மாவின் செட், பெரும்பாலான முழுச் செட்டுகளைப் போலவே, அக்ரிலிக்கால் ஆனதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அக்ரிலிக் உடையும்போது பெரும்பாலும் வளையாமல் கண்ணாடி போலத் தெறித்து உடைவதால், இரு துண்டுகளின் விளிம்புகளும் ஒரே ஒரு நிலையில் மட்டும் இடைவெளியில்லாமல் பொருந்தும்; செட்டின் பழைய வடிவத்தை நாங்கள் திரும்பப் பெறுவதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அந்த விளிம்புதான். உடனடிப் பசை சில நொடிகளில் இறுகிவிடும் என்பதால் கையில் பிடித்துக்கொண்டு ஒட்டும்போது சற்றே விலகினாலும் திருத்த நேரம் இருக்காது. நடுவில் தலைமுடி அளவுக்கு ஏற்படும் பிசகு, கடைவாய்ப் பற்களுக்குப் போகும்போது கண்ணுக்கே தெரியும் சாய்வாகிவிடும். அந்தச் செட்டைக் கடித்தால் ஒரு பக்கம் மட்டும் முட்டும், ஈறு புண்ணாகும். பசையை எடுக்க வேண்டுமானால் நாங்கள் விளிம்பைத் தேய்த்தாக வேண்டும், தேய்த்தால் அந்த ஆதாரமும் போய்விடும்.

அண்மையில் திருவல்லிக்கேணியிலிருந்து, வீட்டிலேயே உடனடிப் பசையால் ஒட்டிய ஒரு செட் வந்தது. ஒட்டிய கோட்டின் இருபுறமும் விபூதி பூசியதுபோல வெளுத்திருந்தது. உள்பக்கம் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்பட்டது. அதை மாட்டிக்கொண்டிருந்த பெரியவரின் மேலண்ணத்தில் அந்தப் படியின் அளவுக்கே நீளமாக ஒரு புண் இருந்ததாக மருத்துவர் கூறினார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அத்தகைய புண் ஆற நாளாகும். எச்சிலும் சூடான ரசமும் படப் பட அந்தப் பசை பலமிழந்து, அடுத்த முறை உறக்கத்திலோ உணவு உண்ணும்போதோ விட்டுப்போகவும் கூடும். அந்தப் பசையும் எம்-சீல், அரால்டைட் வகைகளும் வாய்க்குள் வைப்பதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. இணையத்தில் விற்கும் பழுதுபார்ப்புப் பெட்டிகளிலும் எனக்கு நம்பிக்கையில்லை: பல வகைகளில் இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும், நெடி கடுமையானது, இறுகும்போது சூடாகும், அதை வாயில் வைத்தபடியே இறுக விட்டால் ஈறு வெந்துபோகும்.

நாங்கள் செய்யும் முறையை அறிந்தால், இது ஏன் வீட்டில் செய்யக்கூடிய வேலையில்லை என்பது புரியும். துண்டுகளைப் பொருத்தி, ஒட்டும் மெழுகை உருக்கிச் சொட்டாக விட்டு, அசையாமல் இருக்கத் தீக்குச்சிகளைக் குறுக்கே பாலம்போல வைத்து மெழுகாலேயே பிடிக்க வைக்கிறோம். பிறகு உள்பக்கத்தில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கிறோம். அச்சு இறுகியதும் துண்டுகளைக் கழற்றி, உடைந்த விளிம்பை நாங்களே சாய்வாகத் தேய்த்து, நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறோம். விளிம்பைத் தொடாதீர்கள் என்று சொன்னவனே தேய்க்கிறானே என்று நினைக்க வேண்டாம். அதற்குள் வடிவம் பிளாஸ்டரில் பதிவாகிவிட்டது. தேய்த்த பரப்பில் மோனோமர் என்ற அக்ரிலிக் திரவத்தைத் தடவி ஊறவிட்ட பின், வேகவைக்காமலே இறுகும் கோல்டு க்யூர் அக்ரிலிக்கை அந்த இடைவெளியில் நிரப்பி, வெதுவெதுப்பான தண்ணீருள்ள அழுத்தக் கலத்தில் வைத்து இறுக வைக்கிறோம். அழுத்தம் இல்லையென்றால் உள்ளே நுண்துளைகள் விழும். கடைசியாகத் தேய்த்து மெருகேற்றுவோம். நேர்க்கோட்டில் உடைந்த செட் என்றால் பெரும்பாலும் அன்றைக்கே அல்லது மறுநாளே கிடைத்துவிடும். செலவும் புதுச் செட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இப்படிச் சேர்த்த இடம் முதலில் இருந்த பலத்தை முழுமையாகத் திரும்பப் பெறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். செட்டை முதலில் செய்யும்போது வெப்பத்தில் வேகவைத்து இறுக்குகிறோம்; ரிப்பேரில் பயன்படுத்தும் கோல்டு க்யூர் அதைவிட வலுக்குறைந்தது. கண்ணாடி இழையோ மெல்லிய உலோக வலையோ உள்ளே பதித்தால் கூடுதல் நாள் தாங்கும். மருத்துவரிடம் நீங்களே இதைக் கேளுங்கள், கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, செட் கீழே விழாமலேயே உடைந்திருக்கிறது என்பது. கை தவறி வாஷ்பேசினில் விழுந்து உடைந்தால் அது விபத்து; சேர்த்துக் கொடுத்தால் கதை முடிந்தது. சாப்பிடும்போது நட்டநடுவில் பிளந்தால் அது பெரும்பாலும் பல காலமாக நடந்துவந்த தேய்மானத்தின் முடிவு. பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே போகும். இருபுறமும் எலும்பு இறங்கிவிட, அண்ணத்தின் நடுமேடு மட்டும் கெட்டியாக நிற்பதால், செட் அதன்மேல் ஏற்றமரம்போல ஆடத் தொடங்குகிறது. ஒவ்வொரு கடியிலும் நடுவில் வளைந்து வளைந்து ஒருநாள் விரிசல் விடுகிறது. மேலுதட்டின் உள்பக்கத்தை ஈறோடு இணைக்கும் சிறு சதை மடிப்புக்கு இடம் விட்டு முன்பக்கம் வெட்டப்பட்டிருக்கும் சிறு பள்ளத்திலிருந்துதான் அந்த விரிசல் பெரும்பாலும் கிளம்பும். எனவே சேர்த்தால் மட்டும் போதாது. ஈற்றின் இன்றைய வடிவத்துக்கு ஏற்ப உள்பக்கத்தில் புது அக்ரிலிக் ஊட்டும் ரீலைனிங் தேவையா, அல்லது புதுச் செட்டே நல்லதா என்று மருத்துவர் வாயைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதைப் பார்க்காமல் ஒட்டிக் கொடுத்த செட்டுகள் அதே கோட்டில் உடைந்து எங்களிடம் திரும்பி வருகின்றன.

எங்கே போவது என்றால், உங்களுக்கு வசதியானது கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாம்பலத்தில் கடற்கரை மின்ரயில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். காலையிலேயே போய் ஓபி சீட்டுப் போட்டு, ப்ராஸ்தடான்டிக்ஸ் என்ற செயற்கைப் பல் துறையைக் கேளுங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் துறை மருத்துவர்கள் வாயையும் சேர்த்தே பார்ப்பார்கள். மதுரவாயல், வேலப்பன்சாவடி, உத்தண்டி பக்கங்களில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தத் துறை உண்டு. நேராக லேபுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் மலிவாக முடியும் என்று பலர் சொல்வார்கள். வாயைப் பார்க்கும் உரிமையும் பயிற்சியும் எங்களுக்கு இல்லை, 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே மருத்துவரை வேறாகவும் எங்களைப் போன்ற டென்டல் மெக்கானிக்கை வேறாகவும்தான் பதிவு செய்தது. செட் நைலான் வகையாகவோ உலோகச் சட்டம் உள்ளதாகவோ இருந்தால் மேலே சொன்ன முறை பொருந்தாது என்பதால், எப்போது, எதில் செய்தது என்ற விவரத்தையும், பழைய சீட்டு இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

அதுவரை அம்மாவுக்குக் குழைந்த ரசம் சாதம், தேங்காய்ப்பால் விட்ட இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், நன்கு மசித்த பருப்பு என்று கொடுக்கலாம். கீழ்ச் செட் இருந்தாலும் தனியாகப் போட்டுக்கொண்டு மெல்ல வேண்டாம், மேல் ஈறு காயமாகும். பழைய ஸ்பேர் செட் ஏதாவது பீரோவில் கிடந்தால் உடனே மாட்டாமல் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரிசெய்து வந்ததும் உள்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கூர்மையோ படியோ தட்டுப்பட்டால் அங்கேயே சொல்லுங்கள். மிச்சமிருக்கும் மோனோமர் ஓரளவு வெளியேற ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் அணிவது நல்லது. எரிச்சலோ அழுத்தமோ இருந்தால் பொறுத்துப் பழக வேண்டாம், திரும்பப் போய்க் காட்டுங்கள். புண் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வெற்றிலை, புகையிலை பழக்கம் உண்டோ இல்லையோ, கட்டாயம் காட்ட வேண்டும். இனிக் கழுவும்போது பேசினில் பாதியளவு தண்ணீர் நிரப்பியோ ஒரு துண்டை விரித்தோ கழுவச் சொல்லுங்கள். வெந்நீர் கூடாது, அக்ரிலிக் கோணிக்கொள்ளும்.