ஒய்டிஎம்-4 கைப்பிடிக் கம்பி: தடிப்பும் வெள்ளைப் படிவும்

வணக்கம் நண்பரே. 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) செய்யும் ஒய்டிஎம்-4 டீசல் ரயில் எஞ்சின் மாதிரியில் கைப்பிடிக் கம்பி தடிப்பாகத் தெரிகிறது, ஒட்டிய இடம் வெள்ளையாகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் போட்டிருக்கும் 1 மி.மீ. கம்பி நிஜத்தில் 87 மி.மீ. குழாய்க்குச் சமம். 0.4 மி.மீ. போதும். பழைய டெலிபோன் கேபிளை உரித்தால் அந்த அளவில் செம்புக் கம்பி கிடைக்கும். ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் கட்டிங் பிளேயரால் மெதுவாக இழுங்கள். கம்பி லேசாக நீள்வது கைக்கே தெரியும், அதோடு நிறுத்துங்கள். நூல் பிடித்தாற்போல் நேராகும், விறைப்பும் ஏறும்.

வெள்ளை படிவது சூப்பர் குளூவின் ஆவியால். 0.5 மி.மீ. துளை போட்டுக் கம்பியை நுழைத்து, உள்பக்கமிருந்து ஊசிமுனையில் துளியூண்டு தொட்டு வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பெயிண்ட் அப்புறம்தான்.

மதுரை–போடி மீட்டர்கேஜ் காலத்தில் இந்த எஞ்சினைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். கைபடும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு மினுங்கும். அங்கே கொஞ்சம் பென்சில் தூளை விரலால் தேய்த்துப் பாருங்கள், அப்படியே வரும்.