எக்கோ, இசிஜி எல்லாம் நார்மல். பிறகு ஏன் நெஞ்சு திடீரென்று 180-இல் அடிக்கிறது?

குனிந்து நிமிர்ந்ததும் சுவிட்சைப் போட்டாற்போல் படபடப்பு, கால்மணி நேரத்தில் சட்டென்று நின்றது, மறுநாள் எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்கிறீர்கள். "டென்ஷன்தான்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பதற்றத்தில் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஏவிஎன்ஆர்டி (AVNRT), அதாவது இதயத்தின் ஏவி கணுவில் மின் அலை சுற்றிச் சுற்றி ஓடும் கோளாறு. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின் அலை இறங்கும் வாசல்தான் ஏவி கணு. சிலருக்கு அங்கே இரண்டு தடங்கள். ஒன்று வேகமானது, ஆனால் ஓர் அலை போனபின் மறுபடி தயாராகத் தாமதமாகும். மற்றது மெதுவானது, சீக்கிரம் தயாராகிவிடும். மேலறையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால் (நல்ல இதயத்திலும் இது சகஜம்) வேகத்தடம் அடைத்திருக்கும். அலை மெதுத்தடத்தில் இறங்கும். அது அடியைத் தொடுவதற்குள் வேகத்தடம் திறந்துவிட, அதன் வழியே மேலேறி, மறுபடி மெதுத்தடத்தில் இறங்கிச் சுற்றத் தொடங்கிவிடும். ஒரு சுற்றுக்கு 330 மில்லிநொடி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 180 துடிப்பு. எக்கோவில் தெரிவது சுவரும் வால்வும்தான். இந்தத் தடம் தெரியாது.

அடுத்தமுறை கழுத்தைக் கண்ணாடியில் பாருங்கள். மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் ரத்தம் மூடிய வால்வில் மோதிக் கழுத்துச் சிரைக்குத் திரும்பும். தொண்டைக்குழியருகே தவளைபோல் துடிக்கும். எல்லாருக்கும் இது கண்ணில் படாது, பட்டால் நல்ல தடயம்.

நிறுத்த ஒரு வழி உண்டு. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சாய்ந்து உட்கார்ந்து, ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சின் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி ஊதுங்கள். உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் கால்களை 45 பாகைக்குத் தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். இதயத்துக்கு ரத்தம் ஒரேயடியாகத் திரும்பும்போது துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு ஏவி கணுவை அடக்கும், சுற்றும் அலை அறுந்துவிடும். 2015-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. உட்கார்ந்தபடியே ஊதியவர்களில் 17 சதவீதம்தான். பலரும் காலைத் தூக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் ஊதிக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் படபடப்பை நிறுத்த அடினோசின் என்ற மருந்தை 6 மி.கி. சிரையில் வேகமாகப் போடுவார்கள். சில நொடிகள் நெஞ்சை அமுக்கும், உயிரே போவதுபோல் இருக்கும், கடந்துவிடும். அடிக்கடி வந்தால் மெதுத்தடத்தைச் சுட்டுவிடும் அப்லேஷன் இருக்கிறது. 95 சதவீதத்துக்கு மேல் பலன், பேஸ்மேக்கர் தேவைப்படும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

எதற்கும், படபடப்பு இருக்கும்போதே இசிஜி எடுக்கச் சொல்லி அந்தத் தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நின்றபின் எடுத்த பத்து இசிஜியைவிட அந்த ஒரு தாள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.